உச்சி வெயிலில் குளிர்ந்திருந்த கல்

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சாயர்புரத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். விடை தெரிந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் முப்பத்தைந்து வருஷம் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் பெண்கள் வேறு யாரிடமும் சொல்லாததைக் கேட்டு வாங்குவதுதான் அங்கே என் வேலையாக இருந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊசியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எழுத நான் ஆளில்லை. படித்தவர்கள் எழுதட்டும். நான் தப்பாகச் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திரேஸ்புரத்தில் லூர்தம்மாள் என்று ஓர் அம்மா இருந்தார். வயது ஐம்பத்து மூன்றோ நாலோ. மாசாமாசம் வரும் தூரம் நின்று போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. புருஷன் முத்துக் குளிக்கிறவர், இருபது வருஷத்துக்கு முன்னால் கடலில் போய்விட்டார். ஒரே மகன் கொழும்பில் வேலை. அந்த அம்மா தனியாக இருந்தார்.

அவருக்கு உடம்பெல்லாம் திடீரென்று தீப்பிடித்த மாதிரி எரியும். வேர்த்து ஊற்றும். தூக்கம் கிடையாது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுவார். சொந்தக்காரர்கள் பேய் என்று முடிவு பண்ணி, ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போய்த் தூணில் கட்டி வைத்தார்கள். கையில் கயிறு இழுத்த தழும்போடுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

எங்கள் டாக்டரம்மா நிறையப் பேசமாட்டார். அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பேய் இல்ல. உங்க உடம்புல முன்னால சுரந்துக்கிட்டிருந்த ஒண்ணு இப்ப சுரக்கல. அதுக்குப் பதிலா மாத்திரை இருக்கு" என்றார். அந்த மாத்திரை அப்போது புதுசு. மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் நிறுத்த வேண்டும். மறுபடியும் மூன்று வாரம்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு இப்படிச் சொன்னார்: "வியாழக்கிழமைதோறும் நீ போயி ஒரு வாரத்து மாத்திரைய மட்டும் கொடு. நிறுத்துற வாரத்துல அவங்களுக்கு ரத்தம் வரலாம். மூணு நாலு நாள் வரும், நின்னுரும். அது மாத்திரை செய்யுற வேலை, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா மாத்திரை சாப்பிடுற நாள்ல வந்தா அது எதுனாலன்னு பார்க்காம சொல்ல முடியாது. பல தடவை ஒண்ணுமே இருக்காது. சில தடவை கர்ப்பப்பையில புத்துநோய் இருக்கும். அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லணும். துணிய நீயே கண்ணால பாரு. புரிஞ்சுதா?"

புரிந்தது. புரிந்ததை நான் எப்படிச் செய்தேன் என்பதுதான் கதை.

லூர்தம்மாள் வீடு கடலைப் பார்த்து இருந்தது. ஓட்டு வீடு. முன்னால் மணல் முற்றம். வாசல் பக்கத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. மேலே குறுகி, கீழே அகன்று, உச்சியில் கயிறு கோர்க்க ஓர் ஓட்டை. முத்துக் குளிக்கிறவர்கள் அதில் கால் வைத்துத்தான் ஆழத்துக்கு இறங்குவார்கள். முதல் வியாழக்கிழமை மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தேன். காலில் மணல் சுட்டதால் நிலை தடுமாறி அந்தக் கல்லில் கை ஊன்றிவிட்டேன். உள்ளங்கை பழுத்துவிட்டது.

லூர்தம்மாள் உள்ளேயிருந்து சிரித்தார். "ஏளா, கல்லுன்னா சுடத்தான செய்யும். சாயர்புரத்துல கல்லே கெடையாதோ?"

"இருக்கு பெரியம்மா."

"தரையப் பாத்து நடக்கவ, கல்லப் பாக்கலியாக்கும்."

அவர் கிண்டல் பேச்சுக்காரர். எனக்கு அது பிடித்திருந்தது. நான் பேச வேண்டியதில்லை, அவரே பேசிவிடுவார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பத்து நாளில் எரிச்சல் அடங்கித் தூக்கம் வந்துவிட்டது. தலை வாரி முடிகிற அளவுக்குத் தெளிந்துவிட்டார்.

நிறுத்துகிற வாரம் வரப்போகிற வியாழக்கிழமை, டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கே இவர் அலட்சியமாக இருந்துவிடுவாரோ என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "மாத்திரை சாப்பிடுற நாள்ல ரத்தம் வந்தா ஒளிக்காம சொல்லணும் பெரியம்மா. சொன்னா உடனே மாத்திரைய நிப்பாட்டிருவாக." டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. பயமுறுத்தினால் உண்மை வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை போனபோது வாசலில் கல் இல்லை. உள்ளே கூடத்தின் நடுவில் இருந்தது. லூர்தம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முகம் என்னவோ புதுப்பெண் முகம் மாதிரி இருந்தது.

"கல்ல எதுக்கு உள்ள வச்சிருக்கீய?" என்று கேட்டேன்.

"கல்லு உள்ள இருந்தா அர்த்தம் உனக்குத் தெரியாதாளா?" என்றார். பிறகு சொன்னார்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம். பெண்சாதிக்குத் தூரம் வந்தால் புருஷன் அந்த நாட்களில் முழுகப் போகமாட்டான். கல்லைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். படகில் கயிறு பிடிக்கிறவர் லூர்தம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். விடியற்காலையில் கூப்பிட வருகிறவர் வாசலில் கல் இல்லையென்று கண்டால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவார். அண்ணனும் தங்கையும் பேசக்கூடிய சங்கதியா அது? கல் பேசிவிடும்.

"அந்த வருஷம் முத்துக் குளிப்பு நல்ல குளிப்பு" என்றார் லூர்தம்மாள். "மொத்தமே கொஞ்ச நாளுதான் குளிக்க விடுவாக. அதுல நாலு நாளு எனக்காவ அவுக வீட்டுல கெடந்தா என்னத்துக்காச்சு? எனக்கு வந்துட்டு. நான் சொல்லல. கல்லு வெளியவே இருந்துச்சு. அண்ணன் வந்தான், கூட்டிட்டுப் போயிட்டான்."

மீனைக் கழுவினார். கழுவிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எறங்குனாக. கடலுக்கு அடியில சிப்பி கெடக்க பாருல கால் வச்சதும் கல்ல விட்டுருவாக, அண்ணன் கல்ல மேல இழுத்துருவான். அதான மொற. கல்லு வந்துச்சு. அவுக வரல்ல. அந்தக் கல்லுதான் இது."

கல்லின் உச்சியில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பம் எனக்குத் திரும்ப வந்திருக்குல்லா" என்று குரலைத் தணித்துச் சொன்னார். "தூரத்து நாள்ல அவுக கடலுக்குப் போவ மாட்டாக. வீட்டுலதான் இருப்பாக."

அப்போதுதான் பார்த்தேன். கூடத்தில் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார்.

உங்களுக்கு வேகமாகப் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது வேறு. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஏனென்றால், இனி அவரிடம் வந்ததா வரவில்லையா என்று கேட்க வேண்டாம். துணியைக் காட்டுங்கள் என்று சொல்ல வேண்டாம். கல் உள்ளே இருந்தால் வந்திருக்கிறது, வெளியே இருந்தால் வரவில்லை. அந்த அண்ணனுக்குச் சொன்ன கல் எனக்கும் சொல்லும். என் அம்மா வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதிலிருந்து தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், "நிறுத்தின வாரத்துல வந்திருக்கும்மா, மூணு நாள்" என்றேன். "துணியப் பார்த்தியா?" என்றார் டாக்டரம்மா. "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

இப்படி நாலைந்து மாசம் போனது. மாத்திரை நாட்களில் கல் வெளியே. நிறுத்தும் வாரத்தில் உள்ளே. கடிகாரம் மாதிரி.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மாத்திரை தொடங்கி இரண்டாவது வாரம். காற்றே இல்லை. கடல் தகரத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. தெருவில் நாய்கூட இல்லை. கல் வழக்கம்போல வாசலில், நல்ல வெயிலில் இருந்தது. வெளியே இருக்கிறது, சரி, வரவில்லை என்று மனசில் குறித்துக்கொண்டேன். முற்றத்து மணலை அப்போதுதான் பெருக்கியிருந்தார்கள். விளக்குமாற்றுக் கோடுகள் அலை அலையாகத் தெரிந்தன. காலையில் பெருக்குவார்கள், உச்சியில் யார் பெருக்குவார்கள்? அந்தக் கோட்டின் மேல் ஒரு காலடி இல்லை. நான் வைத்ததுதான் முதல் காலடி.

படியேறும்போது சேலைத் தலைப்பு கல்லில் சிக்கிக்கொண்டது. எடுக்கப் போன கை கல்லில் பட்டது.

கல் சில்லென்று இருந்தது.

சுட்டுப் பழுத்துப்போன கை எனக்குத் தெரியும். அதே கல், அதே இடம், அதே வெயில். சுற்றிலும் மணல் கொதிக்கிறது. கல் மட்டும் கடலுக்கு அடியிலிருந்து இப்போதுதான் ஏறி வந்த மாதிரி குளிர்ந்து, கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. என் வேர்வையா, அதன் ஈரமா, தெரியவில்லை.

லூர்தம்மாள் கதவைப் பாதி திறந்து நின்றார். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. "மாத்திரையக் குடுளா, உள்ள வராத, சோலி கெடக்கு" என்றார். பொட்டலத்தைக் கையில் வைத்துவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் பின்னால் வருமென்று ஒரு பயம்.

டாக்டரம்மா கேட்டார். "எல்லாம் சரிதாம்மா" என்றேன். கல் குளிர்ந்திருந்தது என்று சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். பேய் இல்லை என்று சொன்ன டாக்டரிடம் போய்ப் பேயைச் சொல்வதா?

அடுத்த வியாழக்கிழமையும் தொட்டுப் பார்த்தேன். தொடாமல் இருக்க முடியவில்லை. அன்றும் குளிர்ந்திருந்தது. அன்றும் மணல் புதிதாகப் பெருக்கியிருந்தது. அதற்கு அடுத்தது மாத்திரை நிறுத்துகிற வாரம். போனால் கல் உள்ளே இருக்கும், அது எனக்குத் தெரியும். உள்ளே போக வேண்டியிருக்குமே என்ற பயத்தில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அதைத் தவிர என் வேலைக் காலத்தில் நான் பொய்க் காய்ச்சல் சொன்னதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதால் அந்த ஒரு வாரம் திரும்பி வரப் போவதும் இல்லை.

காய்ச்சல் சரியாகிவிட்டதாகச் சொல்லித் திரும்பிய திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அம்மிக் குழவியைக் கழுவ வெளியே கொண்டு வந்து வெயிலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் இறைத்துவிட்டு வரும்போது தற்செயலாக அதைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

சமையற்காரியிடம் கேட்டேன், "அக்கா, குழவி ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"இப்பந்தாம்ளா இருட்டுக்குள்ள இருந்து எடுத்துட்டு வாரேன். கொஞ்ச நேரம் கெடந்தா சுடும். கல்லு உடனே சுட்டுருமாக்கும்? புத்தியில்லாத புள்ள."

வாளியை அங்கேயே போட்டுவிட்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது அன்றைக்குத்தான். கல்லைச் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன். இரண்டு தட்டைச் சொன்னேன். துணியை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதைச் சொன்னேன். நிப்பாட்டிருவாக என்று நானாகச் சேர்த்துச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப கல்லு உள்ளதான் இருந்திருக்கு. நீ வர்ற நேரத்துக்கு வெளிய வந்திருக்கு. இழுத்த தடம் தெரியக் கூடாதுன்னு பெருக்கியிருக்காங்க" என்றார்.

"நான் பார்க்கணும்னு வச்சிருக்காக."

"நீ கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

தானே வருவதாக எழுந்தார். நான் வேண்டாம் என்றேன். டாக்டரைக் கண்டால் அந்த அம்மா கதவைச் சாத்திவிடுவார். தூணில் கட்டியவர்களை அவர் மறக்கவில்லை. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "சரி, நீயே போ. அந்த வீட்டுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு வாதாடாத. அது நம்ம வேலை இல்ல. ரத்தம் வருதான்னு மட்டும் கேளு. கேட்டுட்டு, பாரு" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் வருவேன் என்று அவர் எதிர்பார்க்காத நாள். பன்னிரண்டு மணி அடித்து முடிந்தது. வாசலில் கல் இல்லை. அது இருந்த இடத்தில் மணல் குழிந்து கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். லூர்தம்மாள் ஏதோ சொல்கிறார், நிறுத்துகிறார், யாரோ பதில் சொன்ன மாதிரி "உம்" கொட்டுகிறார், மறுபடி சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரமாக நின்று மீன் வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னளா, ஆஸ்பத்திரிக்காரி, இன்னைக்கு வியாழனா?" என்றாள். "போ, போ. அங்கன புருஷன் பெண்டாட்டி பேசிக்கிட்டிருக்காக, நடுவுல நீ போயி நில்லு."

கதவைத் தட்டினேன். பேச்சு நின்றது. வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

கூடம் இருட்டு. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இரும்பு வாடையும் பழைய சிப்பி வாடையும் கலந்து வந்தது. நடுவில் கல். அதன் இரண்டு பக்கமும் இரண்டு தட்டு. இரண்டிலும் சோறு தின்ற மிச்சம். லூர்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு வழியே வந்த வெளிச்சத்தில் அவர் கண்ணின் கீழிமை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

தரையைப் பார்த்தேன். தரையில் கல்லிலிருந்து வாசல் வரை உரசிய தடம் வெள்ளையாக ஓடியது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை இழுத்த தடம். அதைப் பார்த்ததும் வெட்கம் போய்விட்டது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

"பெரியம்மா, எத்தன நாளா வருது?"

"என்ன வருது?"

"ரத்தம்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாத்திரை நாள்ல வந்திருக்கு. எனக்குத் தெரியும். கல்லு குளுந்து கெடந்துச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். "மூணு வாரம் ஆவுது. நிக்கவே இல்ல" என்றார். "நின்னா அவுக போயிருவாகல்லா. நீதான சொன்ன, மாத்திரைய நிப்பாட்டிருவாகன்னு."

"நான் சொன்னது தப்பு பெரியம்மா. நானா சேத்துச் சொன்னேன்."

"இருபது வருஷம் கழிச்சு வந்திருக்காக. போவச் சொல்லவா?"

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் புருஷன் இங்கே இல்லை, இது மாத்திரை, இது புத்தாக இருக்கலாம், செத்துப்போவீர்கள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. சாவைச் சொன்னால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். டாக்டரம்மா வாதாடாதே என்று சொன்னது காதில் இருந்தது. எனக்குத் தெரிந்தது, அவரே எனக்குச் சொன்ன கதை ஒன்றுதான்.

"அன்னைக்கு வந்தத மறைச்சீய" என்றேன். "கல்லு வெளிய இருந்துச்சு."

அவர் தலை நிமிர்ந்தது.

"இப்பமும் வந்தத மறைச்சுக் கல்ல வெளிய வச்சிருக்கீய. ரெண்டாந்தடவ மறைக்காதீய பெரியம்மா. இந்தத் தடவ சொல்லிருங்க."

வெளியே வலை உதறுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. லூர்தம்மாள் கல்லைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம், தட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். அழுகை எதுவும் இல்லை. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"பாரு" என்றார்.

பார்த்தேன். அதை எழுத வேண்டாம். உங்களுக்கு அது தினமும் பார்க்கிற காரியம்.

குதிரை வண்டி பிடித்துக் கூட்டி வந்தேன். வண்டியில் ஏறும்போது அவர் திறந்து கிடந்த வீட்டைப் பார்த்து, "சொல்லிட்டேன் கேட்டியளா" என்றார். வண்டிக்காரர் தன்னிடம் சொல்வதாக நினைத்து, "சரிம்மா" என்றார்.

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். ரத்தம் ஏற்றுவது அப்போது லேசில் நடக்காது. இரும்பு மருந்தும் ஈரலும் கொடுத்துத் தேற்றினார். மயக்கம் கொடுத்து உள்ளே சுரண்டி எடுத்து, ஒரு சின்னச் சீசாவில் போட்டு மெட்ராஸுக்கு ரயிலில் அனுப்பினார். பதில் வரும் வரை நான் அந்த வார்டைவிட்டு நகரவில்லை. கெட்ட பதிலாகத்தான் வந்தது. மகனுக்குத் தந்தி போயிற்று. அவர் கொழும்பிலிருந்து தோணியில் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

"பைக்கு வெளிய பரவல. நல்ல நேரத்துல பிடிச்சிருக்கீங்கன்னு எழுதியிருக்காங்க" என்றார் டாக்டரம்மா, அங்கிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு.

"கல்லு குளுந்து கெடந்த முதல் வியாழனே நான் சொல்லியிருந்தா?"

அவர் கடிதத்தை மடித்தார். "இந்தத் தடவை உனக்கு மன்னிப்பு கிடைச்சிருச்சு" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது உங்கள் காலத்தில் மாத்திரை வேறு, கருவிகள் வேறு. உள்ளே இருப்பதைச் சுரண்டாமலே பார்க்கிறார்கள் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் தூரம் நின்ற பெண்ணுக்கு, மாத்திரையே காரணமாக இருந்தாலும், டாக்டர் சொல்லாத நாளில் ரத்தம் வந்தால் யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். மறைமுகமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கொடியில் காயும் துணி, முகத்தில் உள்ள வெளிச்சம், வாசலில் கிடக்கும் கல், எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காரி நமக்காக மாற்றி வைக்க முடியும். பயமுறுத்தியும் கேட்காதீர்கள். இன்னொன்று. ஒரு வீட்டில் உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தையும் காய்ச்சலைச் சொல்வதுபோல டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குப் பேயாகத் தெரிந்தது அவர் காதில் வேறாகக் கேட்டது.

லூர்தம்மாள் திரும்பி வந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். அன்றும் வியாழக்கிழமைதான், வேண்டுமென்றே போனேன். கல் வாசலில் வெயிலில் கிடந்தது. பயந்து பயந்து விரலை வைத்தேன். சுட்டது. விரலை உதறிக்கொண்டே நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சூட்டினால் இல்லை.

"கல்லுன்னா சுடத்தான செய்யும்" என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. கூடத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரே தட்டுதான் இருந்தது.

மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே கல்லை ஒரு கையால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. செம்பை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, தினமும் நூறு வாளி தண்ணீர் இறைக்கிறவள். கல் ஒரு விரற்கடை நகர்ந்தது. மூச்சு முட்டியது.

"பெரியம்மா" என்றேன், "மூணு வாரம் ரத்தம் போன உடம்போட இத நீங்க தனியாவா வெளிய இழுத்தீய, உள்ள இழுத்தீய?"

அவர் நான் கீழே வைத்த செம்பை எடுத்தார். கடலைப் பார்த்தார். அன்றைக்கும் அது அசையவில்லை.

"தனியான்னு உங்கிட்ட யாரு சொன்னா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எதையும் விடக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன் இல்லையா. அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டைத் திறந்து, அந்த அம்மாவின் பெயருக்கு நேரே, நான் சொன்னபடியே அதை எழுதி வைத்தார்.